அரை இன்ச் ஜல்லியும் 74 டிகிரி செயற்கைக்கோளும்

என் கைக்கு வந்த புகார்ச் சீட்டிலேயே தீர்ப்பும் எழுதியிருந்தது: ‘மரம் மறைக்கிறது. வெட்டித் தந்தால்தான் சரியாகும்.’ எனக்கு முன்னால் போய்ப் பார்த்த பையன் எழுதியது. இடம், வால்பாறையைத் தாண்டி ஒரு தேயிலை எஸ்டேட்டின் மருந்தகம். அதன் மொட்டைமாடியில், செயற்கைக்கோள் வழியாக இன்டர்நெட் வாங்கும் 1.2 மீட்டர் டிஷ் ஒன்று நிற்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் அதை அங்கே ஏற்றி வைத்தவன் நான்தான். அதனால் சீட்டைப் படித்ததும் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது.

மரம் என்றால் சில்வர் ஓக். தேயிலைக்கு நிழலாக வளர்ப்பார்களே, அது. பாதி உயரத்துக்கு மேல் மிளகுக்கொடி ஏறி, வருஷா வருஷம் காய்க்கிறது. இன்டர்நெட்டுக்காக அதை வெட்டுங்கள் என்று சொன்னால் ஆழியாறு வரைக்கும் என்னை விரட்டிக்கொண்டு வருவார்கள், 40 கொண்டை ஊசி வளைவுகளிலும். அது ஒருபுறம் இருக்கட்டும். கணக்குப் போட்டுப் பார்த்தாலே அந்த மரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

அந்த டிஷ் பார்ப்பது ஜிசாட்-11 என்ற இஸ்ரோ செயற்கைக்கோளை. பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, 74 டிகிரி கிழக்கில் அசையாமல் நிற்பதுபோல நிற்கிறது. வால்பாறை 10.3 டிகிரி வடக்கு, ஏறக்குறைய 77 டிகிரி கிழக்கு. அங்கிருந்து பார்த்தால், நேர் தெற்கிலிருந்து 16 டிகிரி மேற்கே திரும்பி, தலையை 77.4 டிகிரி நிமிர்த்த வேண்டும். கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேயே. அவ்வளவு உயரத்தில் இருப்பதை ஒரு மரம் மறைக்க வேண்டுமென்றால், டிஷ்ஷிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் மரம் டிஷ்ஷைவிட நாலரை மீட்டர் உயரமாக இருக்க வேண்டும். இந்த மரம் நிற்பது நான்கு மீட்டர் தள்ளி. அப்படியானால் 18 மீட்டர் உயர வேண்டும். மாடிக்கு மேல் அது எழும்பியிருப்பது 9 மீட்டர்தான்.

‘முதலில் மரத்தைப் பார்’ என்பது பயிற்சிக் கையேடுகளில் முதல் வரி. அதெல்லாம் வடக்கு நாடுகளில் எழுதியது. லண்டனிலிருந்து பார்த்தால் இந்த வகைக் கோள் எதுவும் சுமார் 31 டிகிரிக்கு மேல் எழும்பாது. அங்கே பக்கத்து வீட்டுக் கூரையும் மறைக்கும், மரமும் மறைக்கும். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நம் கஷ்டம் வேறு. அதைத்தான் மூன்று நாள் மாடியில் நின்று தெரிந்துகொண்டேன்.

செப்டம்பர் 25, மதியம்

போய்ச் சேர்ந்தபோது மழை. மருந்தகத்து சிஸ்டர் டீ கொடுத்துக்கொண்டே சொன்ன ஒரு வரியில்தான் பாதி விடை இருந்தது: “மழை பேஞ்சா படுத்துக்குது, சரிங்க சார். மழை விட்டு ஒரு நாள் ஆனாலும் எந்திரிக்க மாட்டேங்குதே.”

இந்த வேலையில் மழை என்பது பழி போட வசதியான ஆள். கேயூ பேண்ட் என்கிற எங்கள் அலைவரிசையில் 12 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் இறங்கும் சிக்னலையும், 14 ஜிகாஹெர்ட்ஸில் ஏறும் சிக்னலையும் கனமழை நிஜமாகவே தின்னும். ஆனால் மழைக்கு ஒரு நாணயம் உண்டு. வரும்போது எடுத்துக்கொண்டதை, போன பத்து நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். மழை விட்டும் மணிக்கணக்கில் எழாமல், நல்ல வெயில் அடித்தபிறகு கொஞ்சம் எழுந்தால், எங்கோ கனெக்டருக்குள் தண்ணீர் இருக்கிறது. வெயிலோ மழையோ எப்போதும் ஒரே அளவு குறைவாகவே இருந்தால், டிஷ்ஷின் பார்வை விலகியிருக்க வேண்டும், அல்லது வாயில் ஏதோ அடைத்திருக்க வேண்டும். அந்த மருந்தகத்தில் இந்த மூன்று நோயும் ஒன்றாகக் குடியிருந்தன என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மோடத்தைத் திறந்து பார்த்தேன். சிக்னல் எவ்வளவு சுத்தமாக வருகிறது என்பதை டெசிபலில் ஓர் எண்ணாகக் காட்டும். டிஷ் வைத்த அன்று என் டைரியில் குறித்தது 13.2. இப்போது, மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து, 7.4. இந்த மோடங்கள் சமர்த்து. சிக்னல் குறைந்தால் அறுந்துவிடாமல், கியரைக் குறைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டும். அதனால் இணைப்பு ‘இருக்கிறது’. அலுவலகத்தில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பவருக்குப் பச்சை விளக்குத்தான் தெரியும். இங்கே சிஸ்டருக்கு டாக்டரின் முகம் கட்டம் கட்டமாக உறைந்து நிற்கும்.

டாக்டர் என்றது கீழே சமவெளியில் இருந்து வீடியோவில் பார்க்கும் மருத்துவர். எண் 13.2 ஆக இருந்த நாட்களிலும் அந்த உரையாடலில் ஒரு தாமதம் இருக்கத்தான் செய்யும். கோளுக்கும் மாடிக்கும் இடையே 35,900 கிலோமீட்டருக்கு மேல். ஒளி வேகத்திலேயே ஏறி இறங்க கால் நொடி, பதில் வர இன்னொரு கால் நொடி. நடுவில் கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்தால் பிங் 600 மில்லிநொடிக்குக் குறையாது. இதை எந்த ஸ்பேனராலும் திருக முடியாது. சிஸ்டர் அதற்குத் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். நோயாளிகளிடம் சொல்வார்: “சொல்லிட்டு ஒரு மூச்சு பொறுங்க. நீங்க சொன்னது வானத்துக்குப் போயிட்டு வரணும்.”

சாயங்காலம் மழை ஓய்ந்ததும் மாடி ஏறினேன். டிஷ்ஷை இறுக்கிய போல்ட்டுகளில், வைத்த அன்று நான் மஞ்சள் பெயின்டில் குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தேன். போல்ட் துளி திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். எல்லாக் கோடும் நேராக இருந்தன. ‘பாயிண்டிங் சரி’ என்று மனசுக்குள் டிக் போட்டுவிட்டு இறங்கினேன். இந்த டிக்குக்கு அப்புறம் வருகிறேன்.

செப்டம்பர் 26

காலையில் மோடத்தை அணைத்துவிட்டுத்தான் டிஷ் முன்னால் போனேன். டிஷ்ஷின் நடுக்கையில் இருக்கும் பக் என்கிற அனுப்பும் கருவி 2 வாட்தான் என்றாலும், அது ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் வாய்க்கு நேரே முகத்தை நீட்டுவது புத்திசாலித்தனம் இல்லை. போதாததற்கு அதற்கான மின்சாரமும் அதே கேபிளில்தான் ஏறி வருகிறது.

எல்என்பி என்கிற, சிக்னலை வாங்கும் கருவியின் பக்கம் கேபிளைச் சுற்றியிருந்த ரப்பர் டேப் வெயிலில் வெடித்திருந்தது. பிரித்தேன். கனெக்டரைத் திருகிக் கழற்றியதும் கேபிளின் பின்னலிலிருந்து மூன்று சொட்டுத் தண்ணீர் என் மணிக்கட்டில் விழுந்தது. நடுக்கம்பி பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தது. அரை அடி வெட்டினேன், உள்ளே இன்னும் கறுப்பு. ஒரு அடி வெட்டினேன், இன்னும். ஒன்றரை அடி போன பிறகுதான் பளபளவென்ற செம்பு வந்தது. புது கனெக்டர் அழுத்தி, ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் சாதா கறுப்பு டேப்பும் சுற்றினேன். வெயில் இனி முதலில் கறுப்பு டேப்பைத் தின்னட்டும். தண்ணீர் கேபிள் வழியே ஓடிவந்து கனெக்டருக்குள் இறங்காமல், கீழே வளைந்து சொட்டிவிடும்படி ஒரு தொங்கல் விட்டுக் கட்டினேன். முதல் தடவை வைத்தபோது அந்தத் தொங்கலை நான் விடவில்லை. கேபிள் நீளம் போதவில்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் நினைவுக்கு வந்தது.

மோடம் எண்: 9.0.

இன்னும் நாலு டெசிபல் எங்கே? பீட்ஹார்னைப் பார்த்தேன். டிஷ் குவிக்கும் அலைகளை வாங்கிக்கொள்ளும் புனல் அது. அதன் வாயில் மெல்லிய பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும். நம் ஊரில் டிஷ் அண்ணாந்து கிடப்பதால் இந்தப் புனல் சாய்வாகக் கீழே பார்த்தபடி இருக்கிறது. மழைநீர் உள்ளே தேங்காது. நல்ல விஷயம்தான். ஆனால் மழை நனைக்காத, கீழே பார்த்த பொந்து என்றால் வேறொருவருக்குக் கொள்ளை ஆசை. மூடியில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. குரங்கு வேலையாக இருக்கலாம். நடுக்கையில் நாட்டுக்குரங்குகள் ஊஞ்சலாடுவதை சிஸ்டரே பார்த்திருக்கிறார். டார்ச் அடித்தேன். உள்ளே அழகாகப் பூசி மெழுகிய மண்கூடு. குளவி.

மூடியை எடுத்து, ஒரு ஐஸ் குச்சியால் கீறி எடுத்தேன். இரும்பு எதையும் உள்ளே விடக்கூடாது. சுவரில் கீறல் விழுந்தால் அதுவும் இழப்புத்தான். நான்கு அறைகள். மூன்றில் மயங்கிய நிலையில் சிலந்திகள், குஞ்சுக்குச் சாப்பாடாக அடைத்து வைத்தது. புழுவைக் கொட்டிக் கொட்டியே குளவியாக்கிவிடும் என்று பாட்டி சொல்லும் கதை இதைப் பார்த்துப் பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும். ஈர மண் நுண்ணலையை உறிஞ்சும், காய்ந்த மண்ணும் வழியை மாற்றும். ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, பையிலிருந்த புது மூடியை மாட்டினேன்.

எண்: 11.2.

இதோடு இறங்கியிருக்கலாம். 11.2-க்கு வீடியோ நன்றாகவே ஓடும். ஆனால் டைரியில் 13.2 என்று என் கையெழுத்திலேயே இருக்கிறதே. மீதி 2 டெசிபல் அடுத்த கனமழைக்குத் தேவைப்படும் சேமிப்பு. அது இல்லாவிட்டால் அடுத்த மாதம் வடகிழக்குப் பருவமழையில் மறுபடி புகார் வரும், மறுபடி மரத்தின் மேல் பழி விழும்.

இங்கே ஜிசாட்-11 பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சந்தேகம் கோள் பக்கமும் போனது. 5,854 கிலோ, இஸ்ரோ கட்டிய கோள்களிலேயே கனமானது. நம் ராக்கெட் எதுவும் அன்று அவ்வளவு எடையைத் தூக்காது என்பதால் பிரெஞ்சு கயானாவின் கூரு தளத்துக்கு அனுப்பினார்கள். 2018 மார்ச் இறுதியில் ஏவிய ஜிசாட்-6ஏ தொடர்பை இழந்ததும், கூரு போய்ச் சேர்ந்திருந்த இதைச் சோதிக்க ஏப்ரலில் திரும்பப் பெங்களூருக்கே கொண்டுவந்துவிட்டார்கள். முகூர்த்தத்துக்கு மண்டபம் வரை போன மாப்பிள்ளையைத் திருப்பி அழைத்து டாக்டரிடம் காட்டியது மாதிரி. அப்புறம் 2018 டிசம்பர் 5 அதிகாலை, ஏரியன்-5 ராக்கெட்டில் ஏறியது. ஆயுள் 15 வருஷம் என்று திட்டம்.

பழைய கோள்கள் நாடு முழுக்க ஒரே கற்றையை விரித்துப் போடும். கோயில் ஒலிபெருக்கி மாதிரி, எல்லாருக்கும் ஒரே சத்தம். இது நாட்டை 32 கற்றைகளாகப் பிரித்து, தள்ளித் தள்ளி இருக்கும் கற்றைகளில் அதே அலைவரிசையை மறுபடி மறுபடி பயன்படுத்துகிறது. அதனால்தான் நொடிக்கு 16 ஜிகாபிட் அளவுக்குத் தரவு போகிறது. எங்களைப் போன்ற பயனர்களுக்குக் கேயூ பேண்டில் 32 கற்றை. தரையில் இருக்கும் பெரிய ஹப் நிலையங்களுக்குக் கேஏ பேண்டில் 8 கற்றை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கேயூவைவிடக் கேஏ பேண்டுக்குத்தான் மழை அதிகம் ஆகாது. வால்பாறையில் பளீரென்று வெயில் அடிக்கும்போது, ஹப் இருக்கும் ஊரில் கொட்டினால் இங்கே இன்டர்நெட் தள்ளாடும். அதையும் ஹப்புக்குப் போன் போட்டுக் கேட்டேன். அங்கே மழை இல்லை. எங்கள் கற்றையில் மற்ற இடங்களெல்லாம் நன்றாக இருக்கின்றன. ஆக, குறை என் மாடியில்தான்.

சாயங்காலம் கேலண்டரைப் பார்த்தபோதுதான் அந்த யோசனை வந்தது. நாளை 27.

வருஷத்தில் இரண்டு முறை, சில நாட்களுக்கு, சூரியன் சரியாகக் கோளின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். டிஷ்ஷுக்குச் சூரியன் ஒரு பெரிய இரைச்சல். சில நிமிஷம் சிக்னல் மூழ்கிவிடும். கேபிள் டிவிக்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள். சமபகலிரவு நாளான செப்டம்பர் 22, 23-இல் இது நடக்காது. நாம் வடக்கே இருந்து பார்ப்பதால் கோள் ஒன்றே முக்கால் டிகிரி போலத் தெற்கே சரிந்து தெரியும். சூரியன் அங்கே இறங்க இன்னும் நாலைந்து நாள் வேண்டும். வால்பாறைக்கு அது 27 வாக்கில். கன்னியாகுமரிக்கு ஒரு நாள் முன்னதாகவே வரும்.

நேரமும் கையாலேயே போடலாம். நம் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் கடிகாரம். வால்பாறை அதற்கு மேற்கே ஐந்தரை டிகிரி. உச்சி வேளை 22 நிமிஷம் தாமதம். செப்டம்பர் கடைசியில் சூரியன் கடிகாரத்தைவிட 9 நிமிஷம் முந்தி ஓடும், அதைக் கழி. கோள் உச்சிக் கோட்டிலிருந்து மூன்றரை டிகிரி மேற்கே தெரிகிறது, சூரியன் அங்கே போக 14 நிமிஷம், அதைக் கூட்டு. 12:27.

அதாவது நாளை மதியம் 12:27-க்கு, கண்ணுக்குத் தெரியாத கோள் எங்கே இருக்கிறது என்று சூரியனே விரல் நீட்டிக் காட்டப்போகிறது. இதைவிட நல்ல மீட்டர் என் பையில் கிடையாது.

வால்பாறை பஜாரில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில், ஜாக்கெட்டில் வைத்துத் தைக்கும் சின்ன வட்டக் கண்ணாடி ஒரு பாக்கெட் வாங்கினேன். “ஆரி வொர்க்கா அண்ணா?” என்று கடைப்பெண் கேட்டது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கினால் நம்பவா போகிறது.

செப்டம்பர் 27

காலை முழுக்க மேகம். பதினொன்றரைக்கு விலக ஆரம்பித்தது. டிஷ்ஷின் முகத்தில் ஐந்து இடத்தில் டபுள் சைடு டேப் வைத்து ஐந்து கண்ணாடிகளை ஒட்டினேன். டிஷ்ஷுக்கு மங்கலான பெயின்ட் அடிப்பதற்கே காரணம், வெயில் குவிந்து பீட்ஹார்னைப் பொசுக்கிவிடக் கூடாது என்பதுதான். ஐந்து சின்னக் கண்ணாடிக்கு அந்தப் பயம் இல்லை. முழு டிஷ்ஷுக்கும் பளபள தாள் ஒட்டிப் பார்க்க யாரும் ஆசைப்பட வேண்டாம். ஓர் மருந்து அட்டைப்பெட்டியை வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, பீட்ஹார்னைச் சுற்றி மாட்டினேன். கண்ணாடியிலிருந்து வரும் வெளிச்சப் புள்ளிகள் எங்கே விழுகின்றன என்று அந்த அட்டையில் தெரியும்.

கணக்கு எளிது. டிஷ் சரியாகக் கோளைப் பார்த்தால், சரியாக 12:27-க்கு ஐந்து புள்ளிகளும் மூடியின் நடுவில் ஒன்றுகூட வேண்டும்.

12:15. புள்ளிகள் அட்டையின் மேற்கு ஓரத்தில், ஆளுக்கொரு பக்கம். சூரியன் மேற்கே நகர நகர அவை கிழக்கே ஊர்ந்தன. 12:19-க்கு ஒரு மேகம் மறைத்தது. வாட்ச்மேன் அண்ணன் என்னையும் மேகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். 12:22-க்கு விலகியது. புள்ளிகள் மூடிக்குப் பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வந்துவிட்டன. பையன் ஒருவனைக் கீழே மோடத்தின் முன்னால் உட்காரவைத்து எண்ணைக் கத்தச் சொல்லியிருந்தேன். “ஒம்போது... அஞ்சு... ரெண்டு... லைட்டு அணைஞ்சிருச்சு அண்ணா!” அந்த நேரம் ஐந்து புள்ளியும் மூடியின் நடுவே ஒரே பொட்டாகச் சேர்ந்தன.

கடிகாரத்தைப் பார்த்தேன். 12:24 தாண்டி அரை நிமிஷம்.

12:27-க்கு அந்தப் பொட்டு ஒரு சுண்டுவிரல் அகலத்துக்குக் கிழக்கே போய்விட்டிருந்தது. சூரியன் இரண்டரை நிமிஷம் முன்னதாகவே டிஷ்ஷின் பார்வைக்குள் வந்துவிட்டது. நாலு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி என்று நகரும் சூரியன், இரண்டரை நிமிஷத்துக்கு 0.6 டிகிரி. டிஷ் அவ்வளவு கிழக்கே விலகிப் பார்க்கிறது. 1.2 மீட்டர் டிஷ்ஷின் கற்றை அகலமே ஒன்றரை டிகிரிதான்; 0.6 விலகினால் போவது 2 டெசிபல். காணாமல் போன அதே 2.

மரத்தின் கதையும் அங்கேயே முடிந்தது. 12:27-க்கு மர நிழலின் நுனி மாடியில், டிஷ்ஷுக்கு இரண்டு மீட்டர் இந்தப் பக்கமே நின்றுவிட்டது. கோளிலிருந்து வரும் அலையும் அதே வழியில்தான் வருகிறது. நிழல் தொடாத இடத்தை மரம் மறைக்காது. நேரம் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டேன்.

இனி அந்த டிக். பெயின்ட் கோடுகள் உடையவில்லை, அதனால் டிஷ் நகரவில்லை என்று நினைத்தேன். கம்பத்தின் மேல் டிஷ் நகரவில்லை என்பது உண்மை. கம்பமே சாய்ந்தால்? ரசமட்டத்தை எடுத்துக் கம்பத்தில் ஒட்டிவைத்தேன். குமிழி கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. முதல் நாளே ஒரு நிமிஷத்தில் செய்திருக்க வேண்டியதை மூன்றாம் நாள், சூரியனைச் சாட்சிக்குக் கூப்பிட்ட பிறகு செய்கிறேன்.

கோள் உச்சந்தலைக்குப் பக்கத்தில் இருக்கும் நம் ஊரில், கம்பம் நட்டக்குத்தலாக நிற்பதுதான் எல்லாம். 77 டிகிரி நிமிர்ந்த டிஷ்ஷைக் கம்பத்தில் ஒரு டிகிரி திருப்பினால், வானத்தில் கற்றை நகர்வது கால் டிகிரிக்கும் குறைவு. அண்ணாந்து பார்த்துக்கொண்டே உடம்பைத் திருப்பிப் பாருங்கள், பார்வை அதிகம் நகராது, அது மாதிரி. ஆனால் கம்பம் பக்கவாட்டில் ஒரு டிகிரி சாய்ந்தால் கற்றை முழுசாக ஒரு டிகிரி போய்விடும். அதைத் திருப்பிச் சரிக்கட்ட நாலரை டிகிரி திருப்ப வேண்டும். திசைகாட்டியும் இங்கே உதவாது. காங்கிரீட் கம்பிகள் அதைக் குழப்பிவிடும்.

இந்தக் கம்பம் தளத்தில் ஓட்டை போட்டு நட்டது இல்லை. நாலடிக்கு நாலடி இரும்புச் சட்டம், அதன் மேல் பாரத்துக்கு சாலிட் பிளாக் கல் அடுக்குவது. எட்டுக் கல் வைத்தேன் என்று டைரி சொல்கிறது. எண்ணினேன். ஐந்து. மேற்குப் பக்கச் சட்டத்தின் மேல் பாசி பிடிக்காத மூன்று சதுரங்கள் மட்டும் வெள்ளையாக இருந்தன. பாரம் குறைந்த அந்தப் பக்கத்தைத் தென்மேற்குக் காற்று தூக்கித் தூக்கிப் போட்டிருக்கிறது. குனிந்து சட்டத்துக்கு அடியில் விரலை விட்டேன். தண்ணீர்த் தொட்டி கட்டியபோது மிச்சமான ஜல்லியில் ஒன்று, அரை இன்ச், சட்டம் எழும்பிய நேரம் பார்த்து உள்ளே போய் உட்கார்ந்திருந்தது.

நாலடிக்கு அரை இன்ச். கணக்குப் போட்டால் சொல்லிவைத்த மாதிரி 0.6 டிகிரி. இங்கே அரை இன்ச், கோள் இருக்கும் தூரத்தில் 375 கிலோமீட்டர்.

வாட்ச்மேன் அண்ணனைப் பார்த்தேன். அவர் டிஷ்ஷைப் பார்த்தார்.

“அண்ணே, இங்க மூணு கல்லு இருந்துச்சே?”

“சும்மாதானுங்களே கிடந்துச்சு...” என்று இழுத்தார். கீழே போய்ப் பார்த்தால், அவர் குடியிருப்புக்குப் பின்னால் அம்சமாக ஒரு வெந்நீர் அடுப்பு. மூன்று கல், நடுவில் விறகு, மேலே கரி பிடித்த அண்டா. வால்பாறைக் குளிரில் காலை ஐந்து மணிக்கு வெந்நீர் இல்லாமல் யாரால் குளிக்க முடியும்? அடுப்பைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை. எஸ்டேட் ஸ்டோரிலிருந்து புதிதாக ஆறு கல் வாங்கினோம். மூன்று பழைய இடத்துக்கு, மூன்று கூடுதலாக. அவரே இரண்டு இரண்டாகத் தலையில் தூக்கி வந்தார்.

ஜல்லியை எடுத்து, தளத்தைப் பெருக்கி, ரசமட்டம் வைத்து, தூக்குக்குண்டும் கட்டி இரண்டு பக்கமும் சரிபார்த்தோம். போல்ட் எதையும் தொடாமலே எண் 13.0. அப்புறம் 17 ஸ்பேனரில் அசிமத்தை, அதாவது டிஷ்ஷைப் பக்கவாட்டில் திருப்பும் பிடியைத் தளர்த்தி, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம். எண் விழும் இரண்டு இடத்தையும் கம்பத்தில் குறித்துக்கொண்டு நடுவில் நிறுத்தினேன். கோளுக்குப் பக்கத்து வீட்டைப் பிடித்துவிடவில்லையே என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதே 74 டிகிரியில் ஜிசாட்-18, வானிலை பார்க்கும் இன்சாட்-3டிஆர் எல்லாம் கூட்டுக்குடித்தனம் நடத்துகின்றன. மோடம் நம் கற்றையின் பெயரைக் காட்டிய பிறகே நிம்மதி. 13.2. ஹப்பில் அனுப்பும் பக்கத்தையும் சோதித்து ‘ஓகே’ சொன்னபோது மணி நாலே முக்கால். போல்ட்டில் புது மஞ்சள் கோடு இழுத்தேன். இந்தமுறை சட்டத்தின் நாலு காலைச் சுற்றியும் தளத்தில் கோடு போட்டேன்.

செப்டம்பர் 28

காலையில் தூறல். 13.2-இலிருந்து 11.8-க்கு இறங்கி, தூறல் நின்ற ஐந்தாவது நிமிஷம் 13.2-க்கே வந்து நின்றது. சிஸ்டர் டாக்டரிடம் ஒரு குழந்தையின் தோல் படையைக் காட்டிக்கொண்டிருந்தார். டாக்டர், “கேமராவைக் கொஞ்சம் பக்கத்துல கொண்டு போங்க” என்றார். படம் உடையவில்லை.

இறங்குவதற்கு முன் வேலை முடிந்த அறிக்கையைப் போனில் நிரப்ப வேண்டும். ‘பழுதின் காரணம்’ என்ற இடத்தில் தேர்ந்தெடுக்க நாலு வாய்ப்புத்தான்: மழை, மரம், மின்சாரம், மற்றவை. ‘மற்றவை’யைத் தட்டி, ஜல்லி என்று எழுதி அனுப்பினேன். ஒன்பதாவது வளைவில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அறிக்கையைப் பார்க்கும் பையன் புதுசு போல.

“சார், ஜல்லின்னு போட்டிருக்கீங்களே, அது எந்த பார்ட் சார்? ஸ்டாக்ல தேடினேன், கோடே இல்ல.”